பேரும் நாளும்

போன வாரம் ஸ்ரீகலா வாயைத் திறந்து சொல்லியே விட்டாள். நீங்களும் கேட்டீர்கள். ரசப் பாத்திரத்தோடு நின்ற அவள் அம்மா சொர்ணம்மாளும் கேட்டாள். சுவரில் இருந்த பல்லிகூடக் கேட்டிருக்கும். கேட்டாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாதது ஒருத்தரைப் பற்றித்தான். கேட்க வேண்டியவரே அவர்தான்.

“அப்பா, பொழியூர் அபினைத்தான் நான் கல்யாணம் செய்வேன். வேற ஆரையும் செய்ய மாட்டேன்.”

முத்துக்குமாரசாமி மோர்ச்சோற்றின் கடைசிக் கவளத்தை நிதானமாகச் சாப்பிட்டார். எழுந்து கை கழுவினார். துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசலாம். அடித்திருந்தால் அழுது தீர்க்கலாம். ஒன்றுமே சொல்லாத மனிதரை என்ன செய்வது? நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒரு கதை சொல்வார்கள். பிடிக்காத ஃபைலை அவர் தள்ளுபடி செய்யவே மாட்டாராம். மேசையின் ஓரத்தில் வைத்துவிடுவாராம். அது அங்கேயே கிடந்து தானாகச் செத்துப்போகுமாம். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சொர்ணம்மாளுக்கு அதில் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மேசையோரத்தில்தான் அவள் இருக்கிறாள்.

இன்றைக்கு ஆடி அமாவாசை. பாறசாலைப் பக்கம் கர்க்கடக வாவு என்று சொன்னால்தான் விளங்கும். செத்தவர்களுக்கு ஆற்றங்கரையில் பிண்டம் வைக்கிற நாள்.

மச்சில் யாரோ பெருக்கும் சத்தம் கேட்டுத்தான் சொர்ணம்மாள் விழித்தாள்.

மச்சில் பெருக்குவதற்கு ஆள் கிடையாது. அங்கே இருப்பது ஒரே ஒரு அறை, மூத்த மகள் பிந்துவின் அறை. அவள் வீட்டைவிட்டுப் போன அன்று பூட்டியது. சாவி முத்துக்குமாரசாமியின் அரைஞாண் கயிற்றில் கிடக்கும். குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை.

அந்த வீட்டைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுற்றிலும் ரப்பர் மரம் வளர்ந்து பகலிலும் விளக்குப் போட வேண்டிய வீடு அது. மழைக்காலத்தில் மச்சு ஜன்னலில் ஒரு பெண் நிற்பதாகப் பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். செத்துப்போன மூத்த மகளாக்கும் என்பார்கள். அவள் சாகவில்லை என்பது அப்படிச் சொல்கிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் செத்தவள்தான். பிண்டம் வைத்தாயிற்றே!

பெற்ற பிள்ளையைத் தலைமுழுகிவிட்டேன் என்று கோபத்தில் சொல்லாத அப்பன்மார் குறைவு. சொல்லிவிட்டு, பேரப்பிள்ளை பிறந்ததும் தொட்டில் வாங்கிக்கொண்டு போய் நிற்பார்கள். முத்துக்குமாரசாமி அந்த ரகம் இல்லை. பிந்து கள்ளிக்காடு ஊர்க்காரன் ஒருத்தனைக் கல்யாணம் செய்துகொண்டு போன வருஷம், இதே வாவு நாளில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, மகளின் பேரையும் நாளையும் சொல்லி, உயிரோடு இருப்பவளுக்குப் பிண்டம் வைத்தார். நாள் என்றால் அந்தப் பக்கத்தில் பிறந்த நட்சத்திரம். அப்புறம் ஒரு கூரியர்காரன் பிந்துவைத் தேடி வந்தபோது, “அந்தப் பேருல இங்க ஆரும் இல்ல,” என்று சாதாரணமாகச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாவுக்கும் அவர் அப்பா, அம்மா பேரோடு மூத்த மகள் பேரும் சேர்ந்துகொண்டது.

சொர்ணம்மாளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. மாதாமாதம் மூல நட்சத்திரத்தன்று அதியன்னூர்ப் பக்கத்துச் சிவன் கோயிலுக்குப் போவாள். அர்ச்சனைக் கவுண்டரில் கேட்பார்கள்: “பேரும் நாளும்?”

“பிந்து. மூலம்,” என்பாள் மெதுவாக.

ஆற்றங்கரையில் பிண்டம் வைத்துக் கொடுக்கிற போற்றி கேட்பதும் அதே கேள்விதான். அங்கே செத்தவர்களுக்கு, இங்கே ஆயுளுக்கு. ஒரே வீட்டிலிருந்து ஒரே பேர் இரண்டு இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. சாமி எதை எடுத்துக்கொண்டாரோ, அவளுக்குத் தெரியாது. பிந்து எங்கே இருக்கிறாள் என்பதும் தெரியாது.

அதனால்தான் இந்த ஒரு வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. இந்த வாவுக்கு அவர் வாயில் யார் யார் பேர் வரும்? அந்த ஒரு கேள்விதான் அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

மரப்படியில் அவள் பாதி ஏறினாள். மச்சறைக் கதவு திறந்து கிடந்தது. முத்துக்குமாரசாமி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, விளக்குமாற்றோடு நின்றார். பிந்துவின் துணிகளை எல்லாம் அலமாரியின் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தார். மறுபக்கம் காலி. ஜன்னல் வழியாக ஈரக்காற்று உள்ளே வந்தது. இத்தனை வருஷம் அடைந்து கிடந்த நாற்றம் படி வழியே இறங்கிப் போனது.

“என்னத்துக்காக்கும் இப்பம் இதைத் தொறந்திய?” என்றாள்.

“இடம் வேணும்லா,” என்றார் அவர் திரும்பிப் பார்க்காமல்.

“ஆருக்கு?”

அவர் அலமாரியின் காலிப் பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சொர்ணம்மாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். அறையைத் திறந்துவிட்டாரே! பூட்டைத் திறந்த மனுஷன் மனசையும் கொஞ்சம் திறந்திருக்க மாட்டாரா? மூத்தவளைத் தேடிப் பிடித்துக் கூப்பிடப் போகிறாரோ? வயசாகிவிட்டது, இளகிவிட்டார். பைத்தியக்காரி! ஆசை என்று வந்துவிட்டால் மனுஷிக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது?

அடுக்களையில் ஸ்ரீகலா வாவு அடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஹையர் செகண்டரியில் கெமிஸ்ட்ரி டீச்சர். பிள்ளைகள் முன்னால் நிமிர்ந்து நின்று பேசுகிற பெண், அப்பா முன்னால் பேசிய அந்த ஒரு வரிக்குப் பிறகு இளைத்துப் போயிருந்தாள்.

“மச்சறையைத் தொறந்திருக்காவ மக்கா.”

ஸ்ரீகலாவின் கை நின்றது. “நெசமாவா?”

“இடம் வேணும்னாவ.”

“நான் சொன்னேன்லா அம்மா? அப்பா வேண்டாம்னு ஒருக்காலும் சொல்லல்ல. மனசுக்குள்ள யோசிச்சுக்கிட்டு இருந்திருக்காவ.” அவள் கண் நிறைந்துவிட்டது. “இன்னைக்கு அவிய வரட்டு. எல்லாம் சரியாவும்.”

அவிய என்றால் அபின் வீட்டார். அபினும் அவன் அப்பா சகாயதாசும் அம்மா மார்கிரெட்டும் மூன்று மணிக்குப் பெண் கேட்டு வருவதாக இருந்தது. இன்றைக்கு! வாவு நாளில்!

அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். காலண்டரில் சிவப்பு எழுத்தில் லீவு போட்டிருந்தது. லீவு நாள் நல்ல நாள் என்று நினைத்துவிட்டார்கள். கர்க்கடக மாதத்தில் ஒரு செருப்புகூட வாங்க யோசிக்கிற வீட்டுக்கு, செத்தவர்கள் சாப்பிட வருகிற நாளாகப் பார்த்துக் கல்யாணம் பேச வருகிறார்கள். ஸ்ரீகலாவுக்கு அது தெரியாமல் இல்லை. வேறு நாள் சொல்லப்போய், அவர்கள் அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டால்? அந்தப் பயத்தில் சரி என்றுவிட்டாள். அப்பாவிடம் சாத்திய கதவுக்கு வெளியே நின்று சொல்லியும் விட்டாள். கதவும் ஒன்றும் சொல்லவில்லை.

போன் அடித்தது. ஸ்ரீகலாவின் கையில் மாவு. சொர்ணம்மாள்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“கலா, உங்க வீட்ல கேக்கு தின்னுவியளா? முட்டை போடாததாப் பாத்து வாங்கியாச்சு. அம்ம சொல்லுதாவ, பழமும் வாங்கணுமாம்.”

“அம்மா நிக்காவ, அபின்.”

“அம்மா, நான் அபினாக்கும்,” என்றது குரல், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல. “மீன் ஒண்ணும் கொண்டு வரமாட்டோம் அம்மா, பயப்படாதீய. அப்பன் புதுச் சட்டை எடுத்திருக்காவ. இப்பமே போட்டுக்கிட்டு நிக்காவ.”

சொர்ணம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! கடல் பொங்கிப் பொழியூர்க்காரர்கள் ஸ்ரீகலாவின் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருந்த பையன் இவன்தான். படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவன். அந்த முகாமுக்குப் பொறுப்பாக இருந்த டீச்சருக்கு ஒரு கிளாஸ் கட்டன் சாயா கொண்டு வந்து கொடுத்ததில் ஆரம்பித்த கதை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

“சூட்சிச்சு, பையப் பாத்து வாங்க மக்கா. மழையாக்கும்,” என்றாள். மக்கா என்று வாயில் தானாக வந்துவிட்டது.

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது? இன்றைக்குப் பாயசம் வைக்க முடியாது. வீட்டில் இருப்பது வாவு அடைதான். செத்தவர்களுக்கு வைத்துவிட்டு எடுக்கிற பலகாரத்தைச் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குத் தட்டில் வைத்து நீட்டுவதா?

“அப்பா என்னை ஆத்துக்கு வரண்டாம்னு சொன்னாவளாமே?” என்றாள் ஸ்ரீகலா. “எல்லா வருசமும் கூட வருவேனே.”

“ஆமா. நேத்து சாயங்காலம் எங்கிட்டச் சொன்னாவ. வீட்டுல ஆளு வேண்டாமா மக்கா? அவிய வாறதுக்குள்ள எல்லாம் ஒதுக்கி வைக்கணும்லா?”

அப்படித்தான் சொர்ணம்மாளும் நம்பினாள்.

இரண்டு பேரும் காரில் ஆற்றுக்குக் கிளம்பினார்கள். நெய்யாறு வரைக்கும் வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டே வந்தது. சொர்ணம்மாள் மடியில் மாற்று வேட்டியையும் துண்டையும் வைத்துக்கொண்டு, கேட்க நினைத்ததை எல்லாம் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தாள். மச்சறையைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்று கேட்டால் இன்னொன்றும் கெட்டுப்போகுமோ என்று பயம். இளகத் தொடங்கியிருக்கிற மனசைத் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று இருந்தாள்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே அவளுக்கு எப்போதும் ஒரு பாடு. இங்க பாருங்க, கேட்டியளா, இவ்வளவுதான். பேர் சொல்லியது கிடையாது. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் கேட்டால் கார்டை நீட்டிவிடுவாள். கோயிலில் அவருக்கு அர்ச்சனை என்றால் ஸ்ரீகலாவைக் கூட்டிப்போய் அவளைச் சொல்ல வைப்பாள். போதாக்குறைக்கு அவர் பேர் முருகன் பேராகவும் போய்விட்டது. தைப்பூசத்தில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பாடும்போது, அந்தப் பேர் வருகிற இடத்தில் சொர்ணம்மாள் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். தாண்டியதும் பாட்டில் சேர்ந்துகொள்வாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் முழங்கையால் இடித்துச் சிரிப்பார்கள்.

ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. அணையில் ஷட்டரை உயர்த்தியிருக்கிறது, கயிற்றைத் தாண்டி யாரும் இறங்க வேண்டாம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தூறலில் நனைந்தபடி ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எள்ளும் சந்தனமும் ஈரத் தென்னையோலையும் கலந்த வாசனை. ஒரு பந்தலில் காக்கைகள் கூட்டமாகக் காத்திருந்தன.

வழக்கமான போற்றி அவர்களைப் பார்த்ததும் தலையசைத்தார். முத்துக்குமாரசாமி முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு வந்து மணலில் உட்கார்ந்தார். தர்ப்பை மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டார். சொர்ணம்மாள் துண்டோடு பின்னால் நின்றாள்.

போற்றி சோற்றை உருட்ட ஆரம்பித்தார். “பேரும் நாளும் பறயணும்.”

முதலில் முத்துக்குமாரசாமியின் அப்பா. அப்புறம் அம்மா. வாழை நாக்கிலையில் எள்ளும் தண்ணீரும் விழுந்தன.

மூன்றாவதாகப் பிந்துவின் பேர் வரக் கூடாது என்று சொர்ணம்மாள் வேண்டிக்கொண்டாள். அறையைத் திறந்துவிட்டாரே. இந்த வருஷம் சொல்ல மாட்டார். சொல்லாமல் எழுந்துவிட்டால் போதும். இந்த மண்ணிலேயே விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொள்வாள்.

“பிந்து. மூலம்,” என்றார் முத்துக்குமாரசாமி.

சரி, பழகிய அடிதான். இதற்கு அவள் சாக மாட்டாள். துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

“இனி?” என்றார் போற்றி.

“ஸ்ரீகலா. ரோகிணி.”

போற்றியின் கை சோற்றுமேலேயே நின்றது. ஒவ்வொரு வருஷமும் இதே மணலில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணை அவருக்குத் தெரியும். அவர் பிள்ளையின் பரீட்சைக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். நிமிர்ந்து பார்த்தார். முத்துக்குமாரசாமியின் முகத்தில் கோபம் இல்லை, துக்கம் இல்லை. ஒரு வேலையை முடித்துவிடுகிற நிதானம்தான் இருந்தது.

“வையும்,” என்றார்.

போற்றி கண்ணைத் தாழ்த்தி வைத்தார்.

இடம் வேணும்லா.

இப்போதுதான் சொர்ணம்மாளுக்கு விளங்கியது. அலமாரியின் காலிப் பக்கம் யாருக்கு என்று விளங்கியது. ஆற்றுக்கு வரண்டாம் என்றது எதற்கு என்று விளங்கியது. மூன்று மணிக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கேக் டப்பாவோடு வந்து நிற்கிறவர்களிடம் அவர் சண்டை போடப் போவதில்லை. சத்தம்கூடப் போட மாட்டார். அந்தப் பேருல இங்க ஆரும் இல்ல என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

அவள் மகள் அடுக்களையில் நின்று அடை தட்டிக்கொண்டிருப்பாள். தனக்கும் சேர்த்து வைக்கிற அடை என்று தெரியாமல் வெல்லப் பதம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. காலையில் அந்த மரப்படியில் நின்று ஆசைப்பட்டாளே, அந்த ஆசையை நினைத்து வெட்கம். இரண்டு பெற்றாள். இரண்டையும் இந்த மணலில் உருட்டி வைத்தாயிற்று. இனி எந்தக் கோயிலுக்குப் போய் யார் பேரைச் சொல்ல?

முத்துக்குமாரசாமி இலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து ஓரடி நகர்ந்தார். காலியான இடத்தில் சொர்ணம்மாள் உட்கார்ந்தாள். துண்டும் மாற்று வேட்டியும் அவள் கையிலிருந்து சரிந்து சேற்றில் விழுந்தன. அவள் எடுக்கவில்லை. போற்றியிடம் கையை நீட்டினாள்.

அவள் நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியும் கிடந்ததைப் போற்றி பார்த்தார். பிறந்த வீட்டுக்காரர்களுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். “அம்மைக்கோ அச்சனோ?”

“ரெண்டு பேருக்கும் இல்ல.”

“பின்னே? பேரும் நாளும் பறயணும்.”

சொர்ணம்மாள் வாயைத் திறந்தாள். வரவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி திறந்தாள்.

“முத்துக்குமாரசாமி,” என்றாள். “விசாகம்.”

கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வாய் சொல்லாத பேர். அது அவள் காதிலேயே அந்நியமாக விழுந்தது. பக்கத்து வரிசையில் பிண்டம் உருட்டிக்கொண்டிருந்த பெண் அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

என்ன சொல்கிறாள், அவர் இங்கேயே நிற்கிறாரே என்று போற்றி பதறிவிட்டார். “அம்மே! எந்தாணு ஈ பறயுந்நது? பிள்ளைசாறு இவிடெ நிக்குந்நுண்டல்லோ!”

“நிக்காவ. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மூத்தவளும் எங்கியோ நிக்கா. இளையவ வீட்டுல அடுப்புக்கிட்ட நிக்கா. நிக்கியவியளுக்குத்தானே நீங்க இம்புட்டு நேரம் வச்சிய? இதையும் வையுங்க.”

“பாபமாணு அம்மே. தாலி கழுத்தில கிடக்கும்போள்...”

“ரெண்டு பிள்ளைகளுக்கும் அவியளே வச்சு முடிச்சாச்சு. இனி அவியளுக்கு ஒண்ணு ஆச்சுதுன்னா, வைக்க ஆரு உண்டு? சொல்லுங்க, ஆரு உண்டு?” அவள் குரல் உயரவே இல்லை. காய்கறிக்காரியிடம் விலை கேட்கிற குரல்தான். “நான் இருக்கும்பளே வச்சிட்டுப் போறேன். இல்லன்னா அநாதையாப் போயிருவாவ.”

அவளுக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பழி தீர்க்க உட்கார்ந்தவள் இல்லை அவள். மூன்று பேரைப் பெற்றவளைப் போல, மூன்றாவது பிள்ளைக்கும் ஒரு வழி செய்துவிட்டுப் போகிறவளைப் போலத்தான் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு காலியாக இருந்தது. இனி இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவளுக்கு வருகிற தைரியம் தைரியமே இல்லை.

போற்றி அசையவில்லை. அவளே இன்னொரு இலையை இழுத்தாள். பாத்திரத்திலிருந்து சோற்றை எடுத்து இரண்டு கையாலும் உருட்டினாள். மோர்ச்சோறு உருட்டிக் கொடுத்த கை. எள்ளைத் தூவினாள். தண்ணீரை விட்டாள்.

தலையைத் தூக்கியபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் அந்த முகத்தைப் படிக்க அவளுக்குத் தெரியவில்லை. உதடு லேசாகப் பிரிந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். திட்டினாலும் போதும் என்று நினைத்தாள்.

அவர் திரும்பி, இலையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஆற்றை நோக்கி இறங்கினார். பிண்டத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு முங்க வேண்டும். எல்லாரும் செய்கிறதுதான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களுக்குள் அவர் முதுகு போய்ச் சேர்ந்தது.

பைக்குள் போன் அடித்தது. சோறு ஒட்டிய விரலாலேயே எடுத்தாள்.

“அம்மா!” ஸ்ரீகலாவின் குரலில் மூச்சு வாங்கியது. பின்னால் ஆள் பேசும் சத்தம், பாத்திரச் சத்தம். “அவிய நேரத்தோட வந்துட்டாவ அம்மா. மழை கூடினா ரோட்டுல தண்ணி கேறிருமாம், அதான். அபினுக்க அப்பன் உள்ள கேறமாட்டேன்னு வாசல் முத்தத்துலயே நிக்காவ. நம்ம அப்பா வந்து வான்னு சொன்னாதான் கேறுவாவளாம். அதாக்கும் முறையாம்.”

சொர்ணம்மாள் எழுந்து நின்றாள். மைக்கில் மறுபடியும் ஷட்டரைப் பற்றிச் சொன்னார்கள். முங்கினவர்கள் ஒவ்வொருவராக எழும்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தலையும் நரைத்து நனைந்த தலை, எல்லா முதுகும் ஈர முதுகு. இரண்டு பேர் கரையேறினார்கள். அவர் இல்லை. இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அவரும் இல்லை.

கூப்பிடலாம். பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பேரை இப்போதுதான் பிண்டத்துக்குச் சொல்லி முடித்திருந்தாள்.

“அம்மா? கேக்குதா? நான் என்ன சொல்லட்டு?” என்றாள் ஸ்ரீகலா. “அப்பா எப்பம் வருவாவ?”